அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நகரக் கலவரம் ஒன்றை இணையக் கருவிகளைக் கொண்டு ஆராய்வது: எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தெருவிளக்கு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஒரு நகரத்தில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் மூன்று நாள்கள் நீடித்த கலவரத்தைப் பற்றித் தெரு அளவில் ஒரு வரலாறு எழுத முயன்று வருகிறேன். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் குடும்பங்களும் இன்றும் அருகருகே வாழ்வதால் நகரத்தின் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்ற ஆய்வாளன் அல்லன். இந்த வேலைக்கு இரவு நேரமும் ஒரு மடிக்கணினியும்தான் என்னிடம் உள்ளன.

இதுவரை சேர்ந்தவை இவை: இரண்டு நாளிதழ்களின் ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்கள் சில நூறு, விசாரணை ஆணையத்தின் அறிக்கை ஒரே பெரிய பிடிஎஃப் கோப்பாக, கைதானவர்களின் கையெழுத்துப் பட்டியலைக் கைப்பேசியில் எடுத்த படங்கள், ஐந்து முதியவர்களுடன் நடத்திய உரையாடல்களின் ஒலிப்பதிவுகள். இவ்வளவு இருந்தும் வேலை நகரவில்லை. நாளிதழ்களில் 'கலவரம்' என்று தேடினால் விரல்விட்டு எண்ணக்கூடிய பக்கங்களே வருகின்றன. சந்தையில் தீப்பற்றியது பிற்பகல் என்று ஒரு நாளிதழும், இருட்டிய பிறகு என்று ஆணைய அறிக்கையும், அது இரண்டாம் நாள்தான் என்று ஒரு முதியவரும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் ஏற்றி இணையத்தில் வெளியிட வேண்டும் என்பதே என் நெடுநாள் விருப்பம். முரண்படும் தகவல்களை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது, எந்தக் கருவியை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏட்டுச்சுருள்:

ஆவணக் காப்பகப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், உங்கள் முதல் சிக்கலான தேடலைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

'கலவரம்' என்பது நீங்கள் இன்று பயன்படுத்தும் சொல். அன்றைய செய்தியாளர் 'இரு பிரிவினர் மோதல்', 'அசம்பாவிதச் சம்பவங்கள்', 'பதற்றம்', 'கல்வீச்சு', 'தீ வைப்பு', 'ஊரடங்கு உத்தரவு', 'தடியடி', 'நிலைமை கட்டுக்குள் உள்ளது' என்றெல்லாம் எழுதியிருப்பார். ஆகவே முதலில் எதையும் தேடாமல், கலவரம் நடந்த மூன்று நாள்களின் இதழ்களையும் அடுத்த இரண்டு வாரங்களின் இதழ்களையும் பக்கம் பக்கமாகக் கண்ணால் படியுங்கள். படிக்கும்போது அந்த நாளிதழ் கையாளும் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். அந்தச் சொற்பட்டியல் கையில் இருந்தால்தான், பின்னர் ஆண்டுக்கணக்கான இதழ்களில் தேடும்போது பயன் கிடைக்கும். ஒரே நிகழ்வின் பெயரே காலப்போக்கில் மாறுவதும் உண்டு. அமெரிக்காவின் டல்சா நகரத்தில் கறுப்பினத்தவர் வாழ்ந்த கிரீன்வுட் பகுதி 1921ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களில் எரிக்கப்பட்டதைப் பல பத்தாண்டுகள் 'இனக் கலவரம்' என்றே குறித்துவந்தார்கள். அதன் நூற்றாண்டு நினைவுக்கென அமைக்கப்பட்ட ஆணையமே 2018இல் தன் பெயரிலிருந்த 'கலவரம்' என்ற சொல்லை நீக்கிப் 'படுகொலை' என்று மாற்றிக்கொண்டது. பழைய பெயரால் மட்டும் தேடுபவருக்குப் புதிய ஆய்வுகளும், புதிய பெயரால் மட்டும் தேடுபவருக்குப் பழைய ஆவணங்களும் தப்பிப்போகும்.

இரண்டாவது காரணம் இயந்திரம் சார்ந்தது. ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்துணரி மென்பொருள் படித்து உருவாக்கிய மறைமுக உரையில்தான் உங்கள் தேடல் நடக்கிறது. நீங்கள் காணும் படத்தில் அல்ல. அந்த உரை எவ்வளவு பிழையானது என்பதைப் பெரும்பாலான தளங்கள் காட்டுவதில்லை. மங்கிய மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருள்), ஒன்றோடொன்று ஒட்டிய பத்திகள், கிழிந்த ஓரங்கள் எல்லாம் பிழையைப் பெருக்கும். தமிழ் இதழ்களுக்கு இன்னொரு இடரும் உண்டு. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான பக்கங்களில் ணா, றா, னா ஆகிய எழுத்துகளும், தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை ஆகியவையும் பழைய வடிவில் இருக்கும். புதிய வடிவங்களிலேயே பழகிய மென்பொருள் அவற்றை வேறு எழுத்துகளாகப் படித்துவிடும். அதனால் 'கொலை', 'சாலை', 'விசாரணை' ஆகிய சொற்கள், உங்களுக்கு மிகவும் தேவையானவையே, தேடலில் அகப்படாமல் போகலாம். அவற்றைத் தேடுவதைவிட அந்த எழுத்துகள் இல்லாத 'ஊரடங்கு', 'போலீசார்', 'கல்வீச்சு' போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள்.

லண்டனில் 1780ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்த கார்டன் கலவரங்களை ஆராய்பவர்களுக்கு இந்த வகையில் ஒரு நற்பேறு வாய்த்திருக்கிறது. ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான வழக்கு நடவடிக்கைகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. அவற்றில் 1834 வரையிலான பகுதியை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, இரண்டையும் கணினியில் ஒப்பிட்டுத் திருத்தினார்கள். குற்ற வகையைக் கொண்டே வழக்குகளைப் பிரித்தெடுக்க முடிவதால், நியூகேட் சிறையை எரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பற்றிச் சாட்சிகள் என்ன சொன்னார்கள் என்பதை வீட்டிலிருந்தே வாசிக்கலாம். உங்களுக்கு அப்படி ஒரு தளம் இல்லையென்றால், மிக முக்கியமான ஐம்பது பக்கங்களையாவது நீங்களே தட்டச்சு செய்துவிடுங்கள். அது வீண் உழைப்பு அன்று. என் அனுபவத்தில், தட்டச்சு செய்யும்போது கண்ணில் படும் சிறு விவரங்கள் தேடலில் ஒருபோதும் கிடைத்ததில்லை.

இறுதியாக, இல்லாத பக்கங்களையும் பதிவு செய்யுங்கள். டல்சாவின் மாலை நாளிதழ் ஒன்றின் 1921 மே 31ஆம் நாள் இதழை மைக்ரோஃபிலிம் எடுப்பதற்கு முன்பே யாரோ அதன் முதல் பக்கச் செய்தி ஒன்றைக் கிழித்தெடுத்துவிட்டார்கள்; தலையங்கப் பக்கத்தின் பெரும்பகுதியும் அவ்வாறே போயிற்று. அந்த முதல் பக்கச் செய்தி வேறொரு பிரதியிலிருந்து பின்னர் கிடைத்தது. படியெடுத்ததைத்தான் கணினி காட்டும். கிழிக்கப்பட்டதைத் 'தேடலுக்கு முடிவுகள் இல்லை' என்றே அது சொல்லும். எந்தத் தேதியின் எந்தப் பக்கம் தொகுப்பில் இல்லை, அது நகரப் பதிப்பா வெளியூர்ப் பதிப்பா என்பதற்குத் தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுச்சங்கிலி:

ஏட்டுச்சுருள் ஐயா சொன்னவற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வரைபடத்தைப் பற்றி நான் சொல்கிறேன்; ஆனால் வரைபடத்தை இப்போது தொடவே வேண்டாம் என்றுதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு அட்டவணை போடுங்கள். அதன் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நிகழ்வை எழுதாமல் ஒரு கூற்றை எழுதுங்கள். 'சந்தையில் தீப்பற்றியது' என்று ஒரே வரிசை இருந்தால், பிற்பகலா இரவா என்று நீங்கள் இன்றே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். மாறாக, இன்ன நாளிதழ் இன்ன தேதியில் இன்ன பக்கத்தில் பிற்பகல் என்று சொல்கிறது என்பது ஒரு வரிசை. ஆணைய அறிக்கை இன்ன பத்தியில், இன்ன சாட்சியின் வாக்குமூலத்தைக் கொண்டு, இருட்டிய பிறகு என்று சொல்கிறது என்பது இரண்டாவது. முதியவரின் நினைவு மூன்றாவது. யார் சொன்னது, அவர் நேரில் கண்டாரா, சம்பவத்துக்கு எவ்வளவு காலம் கழித்துச் சொன்னார், இடத்தை எவ்வளவு துல்லியமாகச் சொன்னார் என்பவற்றுக்கு அட்டவணையில் தனித்தனி நெடுவரிசைகள் இருக்கட்டும். நூறு கூற்றுகள் சேர்ந்தபின், உங்களை இன்று கலங்க வைக்கும் முரண்பாடுகள் தாமாகவே ஒரு வடிவம் காட்டத் தொடங்கும். சந்தையில் எரிந்தது ஒரே தீயாக இல்லாமல் இரண்டாக இருந்திருக்கக்கூடும். அல்லது ஆணையம் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் வந்த நேரத்தையே தீப்பற்றிய நேரமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வரைபடத்தில் ஒரு புள்ளி விழுந்துவிட்டால் அதன் பின்னிருக்கும் தயக்கம் முழுவதும் மறைந்துவிடுகிறது. பார்ப்பவர் அதை நிரூபிக்கப்பட்ட செய்தியாகவே எடுத்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு அடிப்படை வரைபடம். இன்றைய இணைய வரைபடத்தில் பழைய முகவரிகளைத் தேடாதீர்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் 1967 ஜூலை 23 அதிகாலையில் கலவரம் தொடங்கிய பன்னிரண்டாம் தெரு, 1976 முதல் குடிமை உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்றைய வரைபடத்தில் 'பன்னிரண்டாம் தெரு' என்று தேடுகிறவர் தவறான இடத்தில் இறங்க நேரும், அல்லது எங்கும் இறங்கமாட்டார். கதவிலக்கங்களும் பல நகரங்களில் மாற்றி எழுதப்பட்டிருக்கின்றன. கலவரத்துக்குச் சற்று முந்தைய நில அளவை வரைபடம் ஒன்றைப் பெற்று, அதை க்யூஜிஐஎஸ் அல்லது மேப் வார்ப்பர் என்னும் வரைபட மென்பொருள் கொண்டு இன்றைய ஆயத்தொலைவுகளில் பொருத்துங்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பாலம், ரயில் பாதை வளைவு போன்று இடம் மாறாதவற்றையே பொருத்துப் புள்ளிகளாகக் கொள்ளுங்கள். நகரம் முழுவதும் பரவலாகப் பத்துப் பதினைந்து புள்ளிகளாவது வேண்டும். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்ட வரைபடங்கள் கிடைத்தால் விடாதீர்கள். அமெரிக்க நகரங்களுக்கு சான்பார்ன் வரைபடங்கள் உள்ளன. அவற்றில் ஒரு பெரும் தொகுதியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டடமும் மரமா செங்கல்லா, எத்தனை மாடி, கடையா வீடா என்பது வரை அவை காட்டும். தீ ஏன் ஒரு தெருவில் பரவி அடுத்த தெருவில் நின்றது என்பதற்கான விடை சில சமயம் சுவர்களின் பொருளிலேயே இருக்கும்.

இடம் உறுதியாகத் தெரியாத கூற்றுகளுக்குப் புள்ளி வைக்காமல், அந்தப் பகுதி முழுவதையும் மெல்லிய நிறத்தில் காட்டுங்கள். நேரத்துக்கும் இதே முறைதான்: 'மாலை' என்றால் ஆறு மணி என்று எழுதாமல், தொடக்கம் ஒரு நெடுவரிசையிலும் முடிவு ஒரு நெடுவரிசையிலுமாக எழுதுங்கள். க்யூஜிஐஎஸ்ஸின் நேரக் கட்டுப்பாட்டு வசதி இந்த இரண்டு நெடுவரிசைகளையும் ஏற்றுக்கொள்ளும்.

எண்ணும்எழுத்தும்:

கைதானவர்களின் பட்டியலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. கையெழுத்துப் பிரதிகளைப் படிக்க டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகள் உள்ளன. ஆனால் உங்கள் எழுத்தரின் கையெழுத்துக்குப் பழக்க வேண்டுமென்றால் பல பக்கங்களை நீங்களே சரியாகப் படியெடுத்துக் கொடுக்க வேண்டும். சிறிய பட்டியல் என்றால் கையால் தட்டச்சு செய்வதே விரைவு. பெயர்களை ஒழுங்குபடுத்த ஓப்பன்ரிஃபைன் நல்லது. ஒரே பெயரின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களை அது தொகுத்துக் காட்டும். ஆனால் அது முன்மொழியும் இணைப்பை அப்படியே ஏற்றுவிடாதீர்கள். தலைப்பெழுத்து விடுபட்ட இரண்டு முருகேசன்கள் ஒருவரே என்று கணினி நினைப்பது இயல்பு. தந்தை பெயரும் வயதும் முகவரியும் ஒத்துவந்தால் மட்டுமே இணையுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. கைதானவர் பட்டியல் என்பது கலவரக்காரர் பட்டியல் அன்று. டெட்ராய்ட்டில் 1967இல் 43 பேர் இறந்தனர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஊரடங்கு நேரத்தில் வெளியில் இருந்ததற்காகப் பிடிபட்டவர்களும் அவர்களில் அடக்கம். கைதுப் பட்டியலை வைத்துக் 'கலவரம் செய்தவர்கள் யார்' என்று கணக்கிட்டால், காவலர்கள் எந்தத் தெருக்களில் நின்றார்கள் என்பதையே நாம் அளந்துகொண்டிருப்போம். அதே கலவரத்துக்குப் பின் செய்தியாளர் பிலிப் மேயர் சமூக அறிவியலாளர்களுடன் சேர்ந்து, பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்தவர்களிடம் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி, விடைகளைக் கணினியில் பகுத்தார். கல்லூரிவரை படித்தவர்களும் பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்களும் கலவரத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் பங்கெடுத்திருந்தது அதில் தெரியவந்தது. படிப்பறிவற்ற, அமெரிக்காவின் தெற்கிலிருந்து புதிதாக வந்தேறியவர்களே காரணம் என்ற அன்றைய பொதுக்கருத்து அதோடு நிலைகுலைந்தது. கணினியைச் சரியான கேள்விக்குப் பயன்படுத்தியதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

சொல் எண்ணிக்கைக் கருவிகளையும் முயன்று பாருங்கள் என்பேன். ஆணைய அறிக்கையில் எந்தச் சாட்சியின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாலே, அறிக்கை யாருடைய கண்களால் எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

ஏட்டுச்சுருள்:

கடைசிப் பத்தியில் மட்டும் எனக்குச் சிறு மறுப்பு உண்டு. ஒரு சாட்சியின் பெயர் பலமுறை வருவது ஆணையம் அவரை நம்பியதாலும் இருக்கலாம், அவருடைய சாட்சியத்தை நெடுக மறுத்து எழுதியதாலும் இருக்கலாம். எண்ணிய பிறகு அந்தப் பக்கங்களைப் படித்தே ஆக வேண்டும். ஆணைய அறிக்கைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சிகாகோவில் 1919 ஜூலை இறுதியில் தொடங்கிய கலவரத்தில் கறுப்பினத்தவர் 23 பேரும் வெள்ளையர் 15 பேருமாக 38 பேர் உயிரிழந்தனர். அதை விசாரித்த ஆணையம் 1922இல் வெளியிட்ட அறிக்கை வதந்திகளையும் நாளிதழ்களின் துல்லியத்தையுமே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது. உங்கள் அறிக்கை அந்த வகையினதா, அல்லது நிர்வாகத்தின் செயலை நியாயப்படுத்த எழுதப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.

செவிவழி:

நான் வாய்மொழி வரலாற்றுப் பணியில் இருப்பவள். ஒலிப்பதிவுகளைப் பற்றியும், நீங்கள் இறுதியில் குறிப்பிட்ட வெளியீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற மென்பொருள்கள் இப்போது தமிழையும் ஓரளவு எழுதித் தருகின்றன. அவற்றை உங்கள் மடிக்கணினியிலேயே இணையத் தொடர்பின்றி இயக்கலாம். அப்படித்தான் இயக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்கள்மீது குற்றம் சுமத்தும் பேச்சு அந்தப் பதிவுகளில் இருந்தால், அதை வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்ப நமக்கு உரிமை இல்லை. இன்னொரு எச்சரிக்கை: இவ்வகை மென்பொருள், பேசுபவர் மௌனமாக இருக்கும் இடங்களில் அவர் சொல்லாத வாக்கியங்களைத் தானாக இட்டு நிரப்பியதுண்டு. தன் வீடு எரிந்ததைச் சொல்லும் ஒரு மூதாட்டி அரை நிமிடம் பேசாமல் இருந்தால், அந்த அரை நிமிடம் எழுத்திலும் மௌனமாகவே பதிவாக வேண்டும். ஆகவே முழுப் பதிவையும் காதால் கேட்டு, வரிவரியாகச் சரிபாருங்கள். பிறகு ஓம்ஸ் என்னும் இலவசக் கருவி கொண்டு எழுத்தையும் ஒலியையும் நேரக்குறியால் இணைத்துவிட்டால், உங்கள் கூற்று அட்டவணையிலிருந்து நேராக அந்தக் குரலுக்கே போய்ச் சேரலாம்.

முதியவர் 'இரண்டாம் நாள்' என்றதைப் பிழை என்று ஒதுக்காதீர்கள். அவருடைய தெருவுக்குக் கலவரம் வந்த நாளே அவருக்கு முதல் நாளாக இருந்திருக்கலாம். வதந்தியும் அவ்வாறே, அது பொய்யானாலும், மக்கள் ஏன் அன்றிரவு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள் என்பதற்கு அதுவே உண்மையான காரணமாக இருக்கும். லண்டனில் 2011 ஆகஸ்ட் கலவரத்தின்போது எழுதப்பட்ட 26 லட்சம் ட்விட்டர் பதிவுகளை ஆய்வாளர்கள் பகுத்தபோது, விலங்குக் காட்சிசாலையிலிருந்து புலி தப்பிவிட்டது என்பது போன்ற வதந்திகள் எப்போது தோன்றி, எப்படிப் பரவி, யாரால் மறுக்கப்பட்டு அடங்கின என்பதை மணிவாரியாகக் காட்ட முடிந்தது. உங்கள் கலவரத்துக்கு அத்தகைய பதிவு இல்லை. ஆனால் ஐந்து பேரிடமும் 'அன்று நீங்கள் முதலில் கேள்விப்பட்டது என்ன, யார் சொன்னார்கள்' என்று ஒரே கேள்வியைக் கேட்டால் அதன் சாயல் கிடைக்கும்.

இனி வெளியீடு. பேசியவர்களுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வட அயர்லாந்து மோதல்களில் பங்கெடுத்தவர்களின் வாய்மொழிகளைப் பாஸ்டன் கல்லூரியின் திட்டம் ஒன்று 2001 முதல் 2006 வரை பதிவு செய்தது. உயிரோடு இருக்கும்வரை வெளிவராது என்ற உறுதியின்பேரில் அவர்கள் பேசினார்கள். 2011இல் அந்தப் பதிவுகளைக் கேட்டு நீதிமன்ற ஆணைகள் வந்தன. பதிவுகளில் சில காவல் துறையின் கைக்குப் போயின. காப்பாற்ற முடியாத வாக்கை நாம் கொடுக்கக் கூடாது.

வரைபடத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொழும்பு நினைவுக்கு வருகிறது. 1983 ஜூலையில் அங்கே தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிவந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. எந்த வீட்டில் எவர் வாழ்கிறார் என்ற சாதாரண நிர்வாகத் தகவல் அன்று ஆயுதமாயிற்று. எந்தச் சமூகத்தவரின் எந்த வீடு எரிந்தது என்று கதவிலக்கத்தோடு நீங்கள் இணையத்தில் ஏற்றும் வரைபடமும், குடும்பங்கள் அதே தெருவில் இருக்கும் நிலையில், அப்படிப்பட்ட ஒரு பட்டியல்தான். வீட்டளவிலான வரைபடம் உங்கள் ஆய்வுக்காக உங்கள் கணினியில் இருக்கட்டும். வெளியில் காட்டுவது தெரு அளவிலோ வட்டார அளவிலோ அமையட்டும். கைதானவர் பெயர்கள் எந்த வடிவிலும் வேண்டாம். இறந்தவர்களின் பெயர்களை, குடும்பத்தார் விரும்பினால், கட்டாயம் எழுதுங்கள்.

தெருவிளக்கு:

இவ்வளவு பொறுமையாக எழுதிய நால்வருக்கும் என் நன்றி. வரைபடத்தை முதலில் வெளியிட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன்; அந்தக் கோப்பை இன்று மூடி வைத்துவிட்டேன். நேற்றிரவு முதல் நாளின் இதழைத் தேடாமல் முழுமையாகப் படித்தேன். நான்காம் பக்கத்தின் மூலையில், சந்தைக்குச் செல்லும் சாலையில் 'பராமரிப்பு வேலை காரணமாக' மின்சாரம் நிறுத்தப்படும் என்ற மூன்று வரி அறிவிப்பு இருந்தது. எந்தச் சொல்லைத் தேடியிருந்தாலும் அது எனக்குக் கிடைத்திருக்காது. இருட்டிய பிறகுதான் தீயைக் கண்டோம் என்று ஆணையத்திடம் சொன்ன சாட்சிகள் அந்தச் சாலையில்தான் குடியிருந்தார்கள். இரண்டும் தொடர்புடையனவா என்று இப்போது சொல்ல மாட்டேன். தனித்தனிக் கூற்றுகளாக அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் ஐந்து முதியவர்களையும் மீண்டும் சந்திக்கிறேன். பதிவு யாரிடம் இருக்கும், யார் கேட்கலாம், எப்போது அழிக்கச் சொல்லலாம் என்பதை எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதி, அவர்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கப் போகிறேன். செவிவழி அம்மா, அப்படிப்பட்ட ஒப்புதல் படிவம் ஒன்றின் மாதிரி உங்களிடம் இருந்தால் இங்கேயே பகிர முடியுமா?